எண்ணெய் ஊற்றாமல் இருந்திருந்தால்

பழைய சைக்கிள் சீட்டை விற்றுவிட்டேன். நினைத்த விலையில் பாதிதான் கிடைத்தது. மீதிப் பாதியை என் கையாலேயே ஊற்றிக் கெடுத்தேன் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

தாத்தாவின் சைக்கிள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. சீட்டை மட்டும் கழற்றி வைத்திருந்தோம். ப்ரூக்ஸ் கம்பெனியின் பி66 மாடல், தோல் சீட். பின்னால் இரண்டு பெரிய ஸ்பிரிங், பக்கவாட்டில் தோலில் அழுத்திய பெயர் மங்கலாகத் தெரிந்தது. தோல் காய்ந்து கட்டை போல இருந்தது. செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் காட்டினேன். "நல்லா எண்ணெயில ஊற வைங்க, புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்.

மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் ஒரு டப்பா வாங்கினேன். சீட்டைக் கவிழ்த்து, குழிவுக்குள் ஊற்றி, ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் சொட்டுக்கூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் தோல் குடித்துவிட்டது. பெருமையாகக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினேன். பொசுக்கென்று உள்ளே போனது.

அவர் சொன்னது செருப்புக்குச் சரிதான். இந்தச் சீட்டுக்கு அடியில் பஞ்சும் கிடையாது, பலகையும் கிடையாது. முன்மூக்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவே தூளி மாதிரி இழுத்துக் கட்டிய தடித்த தோல், அவ்வளவுதான். விறைப்பு போனால் சீட்டே போனது. ஊறிய எண்ணெயைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. நிறம் கறுத்து, மங்கலாக இருந்த பெயரும் காணாமல் போனது. இதற்கென்றே ப்ரூஃபைட் என்று கொழுப்பும் மெழுகும் கலந்த பசை விற்கிறது. அதை மேற்புறத்தில் மெல்லிசாகத் தேய்த்து, மறுநாள் துணியால் துடைத்திருந்தால் போதும்.

அதோடு விட்டேனா? தொய்வை எடுக்கலாம் என்று மூக்குக்கு அடியில் தோலை இறுக்குவதற்காக இருக்கும் நட்டில் ஸ்பேனரை வைத்தேன். துரு. அசையவில்லை. துரு இளக்கும் திரவத்தை விட்டு இரண்டு நாள் காத்திருந்து திருப்பினேன், கிறீச்சென்று இளகியது. அன்றைய ஒரே சந்தோஷம் அதுதான். கால் சுற்று திருப்பியதும் தோல் கொஞ்சம் நிமிர்ந்தது. ஆசை யாரை விட்டது? இன்னும் ஒரு முழுச் சுற்று. 'டிக்' என்று சின்னச் சத்தம். மூக்கில் தோலைப் பிடித்திருந்த ரிவெட்டு ஆணியின் ஓட்டையிலிருந்து நகத்தளவு கிழிசல். நனைந்து இளகிய தோலை இழுத்தால் முதலில் அங்கேதான் விடும் என்று பிறகுதான் உறைத்தது.

விற்க நினைப்பவர்கள் எதையும் தடவுவதற்கு முன்னால் வெளிச்சத்தில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள், ரிவெட்டுகளைச் சுற்றி முக்கியமாக. மேலே முடி போன்ற கீறல்கள் வயசுக்கு வருவதுதான். அடிவரை போன வெடிப்பு வேறு கதை. விரலால் தேய்த்தால் செம்பழுப்புப் பொடி ஒட்டுகிறதா? அந்தத் தோல் உள்ளுக்குள் மக்கிவிட்டது, எந்த மருந்தும் மீட்காது, அதைச் சொல்லியே விற்றுவிடுங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை என்று பதறிச் சுரண்ட வேண்டாம். லேசாகச் சூடு காட்டினால் மறைகிறதென்றால் அது பழைய மெழுகு. ஈரமான தோலுக்கு மட்டும் சூடு கூடவே கூடாது, சுருங்கிவிடும்.

பின்தகட்டின் அடியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தபோது ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் தெரிந்தன: சி 62. எழுத்து தயாரித்த காலாண்டு, இலக்கம் வருஷம். அதாவது 1962. பாதி விலையாவது தேறியதற்கு இதுதான் காரணம்.

முதலில் வந்தவர் தன் சைக்கிளோடு அவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு போனார். 'எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்' என்று விளம்பரத்தில் நான்தான் எழுதியிருந்தேன். பி66-க்கு அடியில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கம்பி. இப்போதைய சீட் கம்பங்களில் பக்கத்துக்கு ஒன்றுதான் பிடிக்கும், அதற்கு அப்படி ஒற்றைக் கம்பி வைத்த பி67 மாடல் வேண்டும். சீட்டைக் கம்பத்தோடு பிடிக்கும் பழைய கிளிப் இருந்தால் சமாளித்திருக்கலாம். அது தாத்தாவின் சைக்கிளோடேயே இரும்புக்குப் போயிருந்தது. சீட்டைக் கழற்றும்போது கிளிப்பையும் சேர்த்தே கழற்றுங்கள்.

இரண்டாவதாக வந்தவர் பழைய சைக்கிள்களைச் சீர்செய்பவர். கிளிப் அவரிடமே இருந்தது. சீட்டைக் கவிழ்த்தார், மூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரு முறுக்குனது?" ஒப்புக்கொண்டேன். "தூசியோட அப்படியே குடுத்திருந்தா நீங்க கேட்ட விலைக்கே எடுத்திருப்பேன் சார்" என்றவர், பணத்தை எண்ணிக் கொடுத்து, சீட்டைப் பருத்தித் துணியில் சுற்றிக்கொண்டார்.

வாசல்வரை போனவர் திரும்பி, "அந்த ஸ்பேனரையும் குடுத்துடுங்க" என்றார். "உங்ககிட்ட இருக்க வேணாம்."