அம்மாவுக்கு விசா கிடைத்தது, எனக்குத்தான் வழி இல்லை

பாரிஸ் மாணிக்க விநாயகர் தேருக்கு லண்டனில் இருந்து போய்வர வேண்டும் என்பது எங்கள் வீட்டில் வருடக்கணக்காக இழுபட்ட பேச்சு. 2025 ஆகஸ்டில்தான் ஒருவழியாகக் கிளம்பினோம். அதற்குள் நான் பட்ட பாட்டில் பாதி, தேவையில்லாத இடத்தில் பட்டது.

பயம் முழுக்க அம்மாவை நினைத்துத்தான். அவர் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்காரி. லண்டனில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும் பிரான்ஸுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். அதனால் மே மாதமே தொடங்கிவிட்டேன். விசாக் கட்டணம் 90 யூரோ, அதற்குமேல் விண்ணப்ப நிலையத்தின் கூலி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்புறுதி, வங்கிக் கணக்கு விபரம், போக வர டிக்கெட். முன்பென்றால் வதிவிட அட்டையைக் காட்டலாம். இப்போது எல்லாம் ஈ-விசா ஆகிவிட்டதால் இணையத்தில் வதிவிட உரிமையைக் காட்டும் ஷேர் கோட் எடுத்து அச்சடித்துக் கொடுத்தேன். பாரிஸுக்குப் பக்கத்து லா கூர்நேவில் இருக்கும் சித்தியின் மகள் தன் ஊர் நகரசபைக்குப் போய், 30 யூரோ முத்திரை வாங்கி, அம்மா தன் வீட்டில்தான் தங்குவார் என்ற சான்றிதழை எடுத்து அசலைத் தபாலில் அனுப்பினாள். கைரேகை கொடுத்து இரண்டு வாரத்தில் விசா வந்தது. அம்மா அந்தப் பக்கத்தைச் சாமிப் படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டார்.

எங்கள் மூன்று பேரின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுகளை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. சரி, பொய் சொல்லக் கூடாது, முடிவுத் தேதியை மட்டும் பார்த்தேன். என்னுடையது 2026 ஜனவரி வரை. போதும் என்று மூடி வைத்தேன்.

ஆகஸ்ட் 23, சனிக்கிழமை காலை, செயின்ட் பாங்ரஸ் நிலையம். பிரெஞ்சு எல்லைச் சோதனை அங்கேயே நடந்துவிடும், ரயில் ஏறும் முன். அம்மாவின் பாஸ்போர்ட்டில் டக்கென்று முத்திரை விழுந்தது. மனைவிக்கும் மகனுக்கும் அப்படியே. என்னுடைய சிவப்புப் பாஸ்போர்ட்டை வாங்கிய அதிகாரி விரல் விட்டு எண்ணினார். பிறகு, வழங்கிய தேதியைக் காட்டினார்: 2015 ஏப்ரல்.

"இன்னும் ஐந்து மாதம் கிட்ட இருக்கிறதே" என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், அது எனக்கு இருக்கிறது. ஆனால் உள்ளே நுழையும் நாளில் பாஸ்போர்ட் எடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. இரண்டும் தனித்தனி விதி. எனக்கு ஏப்ரலோடு பத்து வருடம் முடிந்துவிட்டது.

அப்போ பத்து வருடத்துக்கு மேல், 2026 ஜனவரி வரை இருந்த அந்த ஒன்பது மாதம் எங்கிருந்து வந்தது? 2018 செப்டம்பருக்கு முன் பிரிட்டனில் பாஸ்போர்ட் புதுப்பித்தவர்களுக்கு, பழையதில் மிஞ்சிய மாதங்களை, ஒன்பது வரைக்கும், புதியதில் கூட்டிக் கொடுத்தார்கள். நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை அது லாபம். வெளியே வந்த பிறகு, ஷெங்கன் எல்லையில் அந்த மாதங்களுக்கு மதிப்பில்லை. அட்டையில் 'ஐரோப்பிய ஒன்றியம்' என்று பொன்னெழுத்தில் அடித்த பாஸ்போர்ட்டையே அங்கே திருப்பி அனுப்புகிறார்கள் என்பதுதான் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும்.

அம்மா திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "என்ர பாஸ்போட்டில போகலாம், உன்ரயில ஏலாதாமோ?"

அவர்களை அனுப்பிவிட்டு, நிலையத்து வாங்கிலேயே இருந்து போனில் விண்ணப்பித்தேன். அப்போது சாதாரண முறை 94.50 பவுண், ஆனால் வாரக்கணக்கில் ஆகலாம். அவசரத்துக்கு ஆன்லைன் பிரீமியம், அப்போது 222 பவுண். விண்ணப்பித்து இரண்டு நாளுக்குப் பிறகுதான் நேரம் தருவார்கள், நேரில் போய்ப் பழையதைக் கொடுத்துப் புதியதைக் கையோடு வாங்கலாம். லண்டனில் இடம் இல்லை. பீட்டர்பரோவில் புதன்கிழமை கிடைத்தது. ரயிலில் ஒரு மணித்தியாலம் கூட இல்லை. படம், விபரம் எல்லாம் முன்பே ஏற்றியிருந்ததால் அங்கே அரை மணிக்குள் வேலை முடிந்து நீல நிறப் பாஸ்போர்ட்டோடு வெளியே வந்தேன். கடைசி நேர ரயில் டிக்கெட்டின் விலையை மனைவிக்கு இன்றுவரை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். ஞாயிறு, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெருவெல்லாம் தேங்காய்ச் சிதறல். கூட்டத்தில் பர்மிங்ஹாமில் இருந்து வந்த அத்தானிடம் கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். வழங்கியது 2015 நவம்பர், முடிவு 2026 ஆகஸ்ட். பாரிஸுக்குத் தப்பித்துவிட்டார். டிசம்பரில் சூரிச்சில் ஒரு கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டிருந்தார். சுவிஸிலும் இதே விதிதான் என்றேன். தேர் எங்களைத் தாண்டிப் போகும்போதும் அவர் போனில் பாஸ்போர்ட் விண்ணப்பப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.