எந்தத் திசையில் கப்பல் திரும்பினாலும்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேர் கூடி, 1977இல் வெளிவந்த டிராவலர் என்னும், பாத்திரமேற்று ஆடும் அறிவியல் புனைவு விளையாட்டை ஆடுகிறோம். கடனில் வாங்கிய சரக்குக் கப்பலை வைத்து நட்சத்திரங்களுக்கிடையே வணிகம் செய்பவர்களாக நால்வர் ஆட, அந்த உலகங்களை நடத்தும் நடுவராக நான் அமர்கிறேன். இந்த ஆட்டத்துக்கு முடிவென்று ஒன்று கிடையாது. ஆட்டக்காரர்கள் போகும் பக்கம்தான் கதையும் போகும்.

தொடக்கத்தில் இது எனக்குப் புரியவில்லை. கடத்தப்பட்ட ஆய்வாளர் ஒருவரை மீட்கும் கதையை 22 பக்கங்களுக்கு எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது மணி நேரத்திலேயே நால்வரும் அந்த வேலை வேண்டாமென்று முடிவு செய்து, தானியம் ஏற்றிக்கொண்டு வேறொரு கோளுக்குக் கிளம்பிவிட்டார்கள். எழுதியதைக் கைவிட மனம் வராமல், அவர்கள் போய் இறங்கிய துறைமுகத்திலேயே அந்த ஆய்வாளரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஆட்டம் முடிந்து பகடைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, எங்களில் இளையவள், கப்பலோட்டியாக ஆடுபவள், "அண்ணா, நாங்க எங்க போயிருந்தாலும் அவர் அங்கதானே இருந்திருப்பார்?" என்று கேட்டாள். ஆமென்று ஒப்புக்கொண்டேன். நால்வரும் கூடி யோசித்து எடுத்த முடிவுக்கு ஒரு பொருளும் இல்லாமல் போனதை அவள் முகத்தில் பார்த்தேன்.

அன்றிலிருந்து நான் கதை எழுதுவதில்லை. இடங்களையும், அங்குள்ள ஆட்களையும், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் மட்டுமே எழுதுகிறேன். எதுவும் நடக்கக்கூடிய ஆட்டத்துக்கு எப்படித் தயாராவது என்று மலைப்பவர்களுக்கு டிராவலரின் விதிகளிலேயே வழி இருக்கிறது. அதன் வரைபடம் 8க்கு 10 என 80 அறுகோணங்கள் கொண்டது. ஒவ்வொன்றின் அகலமும் ஒரு பார்செக், அதாவது சுமார் 3.26 ஒளியாண்டு. அவற்றில் ஏறத்தாழப் பாதியில்தான் உலகங்கள் இருக்கும். எங்கள் 200 டன் கப்பல், நட்சத்திரங்களுக்கிடையே பாயும் ஒரு தாவலில் ஒரு பார்செக்தான் கடக்கும் என்பதால், சுற்றியுள்ள ஆறு அறுகோணங்களில் சராசரியாக மூன்று உலகங்களே எட்டும் தூரத்தில் இருக்கின்றன. தாவலுக்கு ஒரு வாரம் ஆகும். தாவிய பிறகு திசை மாற்ற முடியாது. ஆகவே கப்பல் தாவும் கணத்தில் அன்றைய ஆட்டத்தை நிறுத்திவிடுகிறேன். போகும் இடம் தெரிந்துவிடுவதால், அடுத்த அமர்வுக்கு ஓர் உலகத்தை மட்டும் ஆழமாக எழுதினால் போதும்.

அவர்கள் ஓரிடத்தில் தேங்கிவிடுவார்களோ என்ற கவலையைக் கப்பலின் மாதத் தவணை பார்த்துக்கொள்கிறது. ஆட்டத்தின் நாணயமான கிரெடிட்டில் சுமார் 3.7 கோடி என்னும் அதன் விலையில் 240இல் ஒரு பங்கை மாதந்தோறும் 480 மாதங்களுக்குக் கட்ட வேண்டும். பெங்களூரில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் எங்களில் யாருக்கும் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

1980இல் வந்த இதன் இணைப்பு நூல் ஒன்றில், வேலை தர வருபவர்களின் கோரிக்கை ஒன்றாகவும் அதன் பின்னுள்ள உண்மை பலவாகவும் கொடுக்கப்பட்டிருக்கும். எது உண்மை என்பதைப் பகடையை உருட்டி முடிவு செய்யலாம். நான் அந்தப் பகடையை முந்தைய இரவே உருட்டி, அட்டையில் எழுதி, தேதியும் போட்டுவிடுகிறேன். ஆட்டத்தின் நடுவே உண்மையை மாற்றும் ஆசை எனக்கு வரக்கூடாது என்பதற்காகவே தேதி. யாரும் தலையிடாவிட்டால் எந்த வாரம் என்ன நடக்கும் என்பதும் அதே அட்டையில் இருக்கும்.

ஒரு சுரங்கக் குடியிருப்புக்கு நீர் வடிகட்டிகளை ஏற்றிச் செல்லும் வேலையை, கூலி குறைவென்று அவர்கள் மறுத்தார்கள். மூன்றாம் வாரம் தண்ணீர்ப் பங்கீடு, ஆறாம் வாரம் தொழிலாளர்கள் துறைமுகத்தைக் கைப்பற்றுவது என்று அட்டையில் இருந்தது. இந்த ஆட்டத்தில் செய்தி கப்பலின் வேகத்தில்தான் பயணம் செய்யும். ஆகவே ஏழாம் வாரம் எரிபொருள் நிரப்ப அங்கே திரும்பியபோது அவர்களுக்கு எதுவும் தெரியாது. துறைமுகக் கோபுரத்திலிருந்து பதிலே வரவில்லை.

கப்பலோட்டியாக ஆடுபவள் அட்டையைக் கேட்டாள். கொடுத்தேன். இரண்டு மாதங்களுக்கு முந்தைய தேதியைப் பென்சில் எழுத்தில் படித்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினாள். நால்வரும் வரைபடத்தைத் தங்கள் பக்கம் இழுத்து, வடிகட்டி விற்கும் உலகம் எத்தனை தாவல் தூரத்தில் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினார்கள்.