கழிச்சல் இல்லை, அதனால் புழு இல்லை என்று இருந்துவிட்டேன்

போன கார்த்திகையில் என் பட்டியில் மூன்று குட்டிகள் அடுத்தடுத்துச் செத்தன. மூன்றும் கன்னி ரக வெள்ளாட்டுக் குட்டிகள், மூன்று மாதம் தாண்டி, பால் மறந்து தாயோடு மேயப் போக ஆரம்பித்திருந்தவை. ஒன்றுக்கும் கழிச்சல் இல்லை. புழுக்கை உருண்டையாக, வழக்கம்போலத்தான் விழுந்தது. அரிசி அரிசியாகப் புழுத் துண்டு எதுவும் அதில் ஒட்டியிருக்கவும் இல்லை. போதாததற்கு மழைக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் புழு மருந்து ஊற்றியிருந்தேன். அப்புறம் எப்படிப் புழு என்று தோன்றும்?

மூன்றாவது குட்டி படுத்த அன்று பக்கத்துக் காட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். முப்பது வருஷமாக ஆடு வைத்திருப்பவர். குட்டியின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டி, "தம்பி, இங்க பாரு, சொட்டு ரத்தம் இல்ல. தாடையத் தொட்டுப் பாரு, தண்ணி கட்டியிருக்கு" என்றார். இமையின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தது. தாடைக்கு அடியில் ஒரு பை மாதிரி கொழகொழவென்று வீக்கம். மேய்ந்து திரும்பும் நேரத்தில் இந்த வீக்கம் நன்றாகத் தெரியும், காலையில் வற்றினாற்போல இருக்கும். நான் காலையில் மட்டும் பார்த்துவிட்டு மற்ற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

குட்டி அன்று ராத்திரியே போய்விட்டது. மறுநாள் கால்நடை மருத்துவர் வயிற்றை அறுத்துக் காட்டினார். ஆட்டு வயிற்றின் நான்காவது அறைக்குள், ஒரு அங்குலத்துக்கும் குறைவான மெல்லிய புழுக்கள் நூறு நூறாக நெளிந்தன. சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் மாதிரி. ஹீமாங்கஸ் என்று பெயர். ரத்தம் குடிக்கிற புழு. குடலைப் புண்ணாக்கிக் கழியவைக்கிற சாதி இல்லை என்பதால் பல நேரம் கழிச்சலே இருக்காது, குட்டி வெளுத்துத்தான் சாகும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது 0.05 மில்லி என்று மருத்துவர் சொன்னபோது இவ்வளவுதானா என்று இருந்தது. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 8 கிலோ குட்டியின் உடம்பில் மொத்தமே அரை லிட்டர் சொச்சம் ரத்தம்தான் இருக்கும். பத்தில் ஒரு பங்கு தினமும் போனால் அது எத்தனை நாள் நிற்கும்?

சரி, மருந்து ஊற்றியும் ஏன் கேட்கவில்லை? ஊற்றிய விதம்தான். செம்மறிக்குச் சொன்ன அளவையே வெள்ளாட்டுக்கும் ஊற்றியிருக்கிறேன். வெள்ளாட்டின் உடம்பு இந்த மருந்துகளைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும், அதனால் பல மருந்துகளுக்கு அளவு கூடுதலாக வேண்டும். அல்பென்டசோல் என்ற புழு மருந்துக்கு மருத்துவர் எனக்குப் போட்டுத் தந்த கணக்கு கிலோவுக்கு 10 மில்லிகிராம். 2.5 சதவீத மருந்தென்றால், அதாவது ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் இருந்தால், 8 கிலோ குட்டிக்கு 3.2 மில்லி. நான் குத்துமதிப்பாக ஒன்றரை மில்லி ஊற்றியிருந்தேன். குறைத்து ஊற்றினால் நோஞ்சான் புழு சாகும், தாங்குகிற புழு தங்கும், அது போடுகிற முட்டையெல்லாம் அதே ரகம். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும் என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இப்போது தொங்கு தராசு ஒன்று வாங்கிவிட்டேன். குட்டியைச் சாக்கில் உட்கார வைத்து மாட்டினால் எடை தெரிந்துவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சில் மருந்தை எடுத்து, வாயோரம் விட்டு, மெதுவாக விழுங்க விட வேண்டும். தலையை அண்ணாந்து பிடிக்கவே கூடாது, மருந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் குட்டி அங்கேயே முடிந்தது.

எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றுவதையும் விட்டுவிட்டேன். தென்னாப்பிரிக்காவில் செம்மறிகளுக்கென்று உருவாக்கிய ஃபமாச்சா என்ற ஒரு அட்டை இருக்கிறது. இமையின் நிறத்தை ஐந்து படியாகப் பிரித்திருப்பார்கள், நல்ல சிவப்பு ஒன்று, வெள்ளை ஐந்து. வெள்ளாட்டுக்கும் அது உதவுகிறது. பெரிய ஆடு மூன்றில் இருந்தால் உடம்பைப் பார்த்து முடிவு செய்யலாம், குட்டி மூன்றில் இருந்தாலே நான் காத்திருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பார்க்கிறேன், வெயில் வெளிச்சத்தில், இரண்டு கண்ணிலும். சிவப்பாக இருப்பவற்றை விட்டுவிட்டால் மருந்துக்குப் பழகாத புழுவும் பட்டியில் மிச்சம் இருக்கும், அது நல்லதுதான், மருந்தைத் தாங்குகிற புழு மட்டுமே பெருகாது.

மருத்துவரைக் கேட்காமல் கடையில் கொடுப்பதை வாங்கி ஊற்றாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ரத்தம் குடிக்கும் புழுவுக்குக் குளோசான்டெல் என்ற மருந்து கேட்கும், ஆனால் அளவு மீறினால் பார்வையே போய்விடும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பென்டசோல் ஆகாது. ஒரு மாதக் குட்டி ரத்தமும் சளியுமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் ரத்தக் கழிச்சல் நோய், புழுவே இல்லை, புழு மருந்துக்கு அது அடங்காது. புதுப் புழுக்கையை ஒரு கவரில் எடுத்துப் போனால் மருந்தகத்தில் முட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறார்கள். வேப்பிலை, பூண்டு, பாகற்காய் அரைத்துக் கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் கண் வெளுத்து நிற்கிற குட்டிக்கு அதைக் கொடுத்துவிட்டு நான்கு நாள் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

மேய்ச்சலையும் மாற்றினேன். புழுவின் குஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டுதான் புல்லில் ஏறும், அதுவும் அடிப்புல்லில்தான் அதிகம். ஆகவே பனி காய்ந்தபிறகே குட்டிகளை அவிழ்க்கிறேன், கண்மாய்க் கரைப் பள்ளத்துப் பக்கம் விடுவதில்லை. அகத்தித் தழையும் வேலிமசால் தீவனமும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுகிறேன். ஈன்ற தாய்க்கு அந்தச் சமயத்தில் புழு முட்டை அதிகமாக விழும், அது மேய்ந்த இடத்தில் குட்டி வாய் வைத்தால் அங்கிருந்தே தொற்றும் என்பதால் தாய்களின் இமையையும் ஈன்ற கையோடு பார்த்துவிடுகிறேன்.

நேற்று பதினோரு குட்டிக்குப் பார்த்தேன். ஒன்பது நல்ல சிவப்பு. காது வெள்ளையாக இருக்கிற பெட்டைக்குட்டி மூன்றாம் படியில், அதன் கூடப் பிறந்த கிடா நான்காம் படியில். இரண்டையும் எடை போட்டு மருந்து ஊற்றி, ஆளுக்கு ஒரு கைப்பிடி கடலைப் பிண்ணாக்கு வைத்தேன். கிடா உடனே தின்றது, பெட்டை இன்று காலையில்தான் வாய் வைத்தது.