நீல நகலில் ஒரு பூங்கா: எங்கள் நகர் நலச் சங்க நாட்குறிப்பு

8 ஜூன் 2025, ஞாயிறு

இன்று மாலை பொருளாளர் சார் வீட்டு மொட்டை மாடியில் நலச் சங்கக் கூட்டம். என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். நாற்காலி போதாமல் பாய் விரித்து உட்கார்ந்தோம். எங்கள் நகர் நங்கநல்லூர் பக்கம். 2011 வரை ஆலந்தூர் நகராட்சி, அதன் பிறகு சென்னை மாநகராட்சி. 1970களின் தொடக்கத்தில் மனை போட்ட இடம் என்பதால் தெருக்கள் நேராக இருக்கும், மரங்களும் வயதானவை.

பேச்சு எங்கெங்கோ போனது. காலையில் பள்ளி நேரத்து நெரிசல், மெயின் ரோட்டை ஒட்டிய வீடுகள் ஒவ்வொன்றாகக் கடையாகவும் ஹாஸ்டலாகவும் மாறுவது, தெருமுனைக் குப்பை. கலையும் நேரத்தில் மூன்றாவது குறுக்குத் தெரு அக்கா கேட்டார்: "காலி மனையைச் சுத்தித் தகர ஷீட் அடிக்கிறாங்களே, யாராவது பார்த்தீங்களா?"

பார்க்காதவர் யாரும் இல்லை. பையன்கள் கிரிக்கெட் ஆடுவதும், இஸ்திரி அண்ணன் புங்க மரத்தடியில் வண்டி நிறுத்துவதும், மழை பெய்தால் நான்கு தெருத் தண்ணீரும் போய்த் தேங்கி வடிவதும் அங்கேதான். ஆனால் அந்த இடம் யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். புறம்போக்கு என்றார் ஒருவர். வெளிநாட்டில் இருப்பவருடையது என்றார் இன்னொருவர். பொருளாளர் சார் மட்டும், "பெட்டியில் பார்க்கணும்" என்றார்.

11 ஜூன், புதன்

பெட்டி என்பது சங்கத்தின் டிரங்குப் பெட்டி. கீல் துருப்பிடித்துத் திறக்க மறுத்தது, தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்தோம். மேலே பழைய ரசீதுப் புத்தகங்கள். அவற்றின் கீழே பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு.

அந்த நோட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 1990களின் இறுதியில் ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தபோது வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணமாக மக்களே கட்டினார்கள். ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவராக இருந்த காலம். குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னதால்தான் அது நடந்தது. பிறகு இந்தியா முழுவதும் அதை உதாரணமாகப் பேசினார்கள். எங்கள் தெருக்களில் யார் யார் எந்தத் தேதியில் கட்டினார்கள் என்பது சாரின் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. ஒரு பெயருக்கு நேரே "மகள் கல்யாணம், தையில் தருவார்" என்ற குறிப்பு. அடுத்த பக்கத்தில் தை மாதத் தேதியோடு 5,000 வரவு.

பெட்டியின் அடியில் எட்டாக மடித்த நீல நகல், எங்கள் நகரின் மனைப்பிரிவு வரைபடம். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் பழைய தபால் கவரை வெட்டி ஒட்டியிருந்தது. தரையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தோம். அன்றைய நகரமைப்பு இயக்குநர் ஒப்புதல் எண், ஊர் கிராமப் பெயர், சர்வே எண்கள், 1 முதல் ஓடும் மனை எண்கள். மூன்றாவது குறுக்குத் தெரு முடியும் இடத்தில் மட்டும் எண் இல்லாத ஒரு கட்டம். சாய்கோடுகளுக்கு நடுவே ஒரே ஒரு சொல்: பூங்கா.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "மூணு கிரவுண்டு இருக்கும்மா" என்றார். தன் காலத்திலேயே இதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்று அவர் வருந்தியது எனக்கும் வலித்தது.

16 ஜூன், திங்கள்

அரை நாள் லீவு போட்டேன். பட்டாவையும், இடத்தின் பேரில் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றையும் ஆன்லைனிலேயே எடுத்தாகிவிட்டது. பட்டா பழைய நில உரிமையாளரின் வாரிசு பேரில் ஓடுகிறது. வில்லங்கத்தில் போன வருடம் ஒரு கிரயம். அதாவது யாரோ பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

பூங்காவை எப்படி விற்க முடிந்தது? தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவர் விளக்கினார். மனை போடும்போது சாலைக்கும் பூங்காவுக்கும் விட்ட நிலத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். ஆன்லைன் வில்லங்கம் 1975-லிருந்துதான் வரும். தானப் பத்திரம் அதற்கு முன்னால் பதிவாகியிருந்தால் திரையில் தெரியாது. பழைய புத்தகத்தைக் கையால் புரட்டித் தேட மனுப் போட வேண்டும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் 30 வருடம் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பட்டாவும் மாறாமல் கிடந்தால், விற்கத் துணிந்தவருக்கு அதுவே போதும்.

கையால் தேடும் வில்லங்கத்துக்கு மனுக் கொடுத்தோம். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில். கேள்விகளை நான்கோடு நிறுத்திக்கொண்டேன். மனைப்பிரிவு ஒப்புதல் நகல், தானப் பத்திர எண், இன்றைய நில உபயோக வகை, அங்கே கட்டடம் கட்ட மனு வந்திருக்கிறதா என்பது. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் அது தகவலே இல்லை என்று திருப்பிவிடலாம். எந்த ஆவணம் வேண்டும் என்று கேட்டால்தான் ஆவணம் வரும்.

29 ஜூன், ஞாயிறு

தெரு அழகுபடுத்தும் கூட்டம். அழகு என்றால் என்ன என்பதிலேயே இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது.

நர்சரியில் சல்லிசாகக் கிடைக்கிறது, வேகமாக வளரும் என்று ஒரு தம்பி கோனோகார்பஸ் நடலாம் என்றார். பச்சைச் சுவர் மாதிரி நிற்கும், உண்மைதான். ஆனால் அதன் மகரந்தம் மூச்சுக்கு ஆகாது, வேர் குழாய்களைத் துளைக்கும் என்பதால் தமிழக அரசு இந்த ஆண்டு அதை நடவே தடை விதித்திருக்கிறது. எடுத்துச் சொன்னதும் சரி என்று விட்டுவிட்டார். புங்கை, பூவரசு, மகிழம் என்று முடிவானது. இருக்கிற மரங்களின் அடியில் பூசிய சிமென்ட்டைச் சுற்றிலும் மூன்றடிக்குக் கொத்தி எடுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் எங்கள் தெருவில் வேரோடு சாய்ந்தது கழுத்து வரை சிமென்ட் பூசிய தூங்குமூஞ்சி மரம். மண்ணில் நின்ற வேம்பு கிளை முறிந்ததோடு தப்பித்தது.

அடுத்து இஸ்திரி வண்டி. தெரு அழகாக இருக்க வேண்டுமென்றால் வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டும் என்றார்கள் இரண்டு பேர். எனக்குச் சுருக்கென்றது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்து அனுமதிச் சான்று கொடுத்து முடிக்கும் வரை ஏற்கெனவே தொழில் செய்பவரை அப்புறப்படுத்தக் கூடாது. சட்டம் கிடக்கட்டும். எந்த வீட்டுக்கு யார் வருகிறார், எந்தப் பாட்டி நாலு நாளாக வெளியே வரவில்லை என்பது இந்தத் தெருவில் அவருக்குத்தான் தெரியும். மூன்றாவது குறுக்குத் தெரு அக்கா எழுந்து, "எங்க அம்மா குளியலறையில விழுந்தப்ப கதவை உடைச்சது அவர்தான்" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. வண்டி அங்கேயே இருக்கும்.

9 ஜூலை, புதன்

காலை 7:45-லிருந்து 8:45 வரை பள்ளி முனையில் நானும் இரண்டு கல்லூரிப் பெண்களும் நோட்டோடு நின்றோம். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று வண்டிகளைக் கணக்கெடுத்தோம். நெரிசலுக்கு நாங்கள் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தது பள்ளி வேன்களை. நின்று பார்த்தால் அடைப்பது வேன் இல்லை. வேன் வருகிறது, பிள்ளைகளை இறக்குகிறது, போய்விடுகிறது. ஒரு பிள்ளையோடு வரும் கார்கள்தான் வாசல் வரை வந்து, திரும்ப இடமில்லாமல் பின்னால் எடுத்து, எதிரே வருகிற ஸ்கூட்டர்களை அடைக்கின்றன. அதில் நாலைந்து கார் எங்கள் நகருடையதே.

வேகத்தடைக் கதையும் உண்டு. இரண்டாவது தெருவில் யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கான்கிரீட் மேடு போட்டிருந்தார்கள், திண்ணை மாதிரி செங்குத்தாக. போன வாரம் பேரன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்த ஒரு பாட்டி தூக்கி எறியப்பட்டு மணிக்கட்டு முறிந்துவிட்டது. இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், மெதுவாக ஏறி இறங்க வேண்டும். வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் ஆட்டமில்லாமல் கடக்கும் அளவு அது. முன்னதாகவே எச்சரிக்கைப் பலகையும், மேல் வெள்ளைப் பட்டையும் வேண்டும். அளவைப் படம் வரைந்து மனுவோடு இணைத்திருக்கிறேன். பாட்டியைப் போய்ப் பார்த்தேன். மாவுக்கட்டோடு வெண்டைக்காய் நறுக்க முயன்றுகொண்டிருந்தார். வாங்கி நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

23 ஜூலை, புதன்

பள்ளி முனையில் காலை ஒரு மணி நேரம் மட்டும் ஒருவழி. போக்குவரத்துக் காவலர்கள் ஒரு மாதம் பரிசோதனையாக வைத்துப் பார்க்கச் சம்மதித்தார்கள். எங்கள் நோட்டின் பக்கங்களைத்தான் நீட்டினோம். தகவல் மனுவுக்குப் பதில் இல்லை. சட்டப்படி 30 நாள். மேல்முறையீட்டை எழுதி வைத்துவிட்டேன்.

2 ஆகஸ்ட், சனி

பதில் வந்தது. பிரிக்கும்போது கை நடுங்கியது.

தானப் பத்திரம் 1973-ல் பதிவாகியிருக்கிறது. கையால் தேடிய வில்லங்கத்திலும் அதே எண். ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவில் அந்த இடம் பூங்கா. கட்டட மனு எதுவும் வரவில்லை.

பெங்களூரில் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று விட்ட இடம் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்ற அமர்வு அவர்கள் பக்கம் சொன்னதை 1991-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மருத்துவமனையும் மக்களுக்கானதுதானே என்ற வாதத்தைக்கூட நீதிமன்றம் ஏற்கவில்லை. நீல நகல், பத்திரம், தீர்ப்பு மூன்றையும் இணைத்து மனுத் தயார். கீழே 112 கையெழுத்து. இஸ்திரி அண்ணனும் போட்டார்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

தகர ஷீட் அடித்தவர் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துத்தான் கதவைத் திறந்தேன். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் மடித்த கிரயப் பத்திர நகல். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வந்தவாசிப் பக்கம் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்று, மனைவி நகையை வைத்து வாங்கியிருக்கிறார். கீழே இரண்டு கடை, மேலே வீடு என்று கணக்கு. "வக்கீல் 30 வருஷ வில்லங்கம் பார்த்தாரு, சுத்தமா இருக்குன்னாரு அக்கா. பட்டா அவங்க பேர்லதான் இருந்துச்சு. நான் வேற என்ன பார்த்திருக்கணும்?"

தானப் பத்திர நகலை அவர் முன்னால் வைத்தேன். தேதி இருந்த வரியில் விரலை வைத்தபடியே ரொம்ப நேரம் இருந்தார். எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மாதமாக அந்த ஷீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் வந்த கோபம் இந்த மனிதர் மேல் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் பூங்காவை விட்டுக்கொடுக்க முடியாது. அதையும் அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். வாசல் வரை கூடப் போனேன்.

28 ஆகஸ்ட், வியாழன்

அளவையர் வந்தார். வடகிழக்கு மூலையில் கல் இருக்க வேண்டும் என்று புலப்படம் சொல்கிறது, இடத்தில் குப்பை மேடுதான் இருந்தது. இஸ்திரி அண்ணன் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டுவந்தார். தேங்காய் மட்டை, பழைய செருப்பு, டைல்ஸ் துண்டு, அதற்கும் கீழே கரிய ஈர மண். ஒன்றரை அடி தோண்டியதும் கடப்பாரை 'ணங்' என்றது. கையாலேயே மண்ணை விலக்கினோம். நாலு முகக் கருங்கல், தலையில் அம்புக்குறி. பொருளாளர் சார் குனிய முடியாமல் குனிந்து அந்தக் குறியின் பள்ளத்தில் இருந்த மண்ணை விரலால் வழித்தெடுத்தார்.

மனையை வாங்கியவரே ஒரு பக்கத்து ஷீட்டை ஆள் வைத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். பாக்கிப் பக்கம் அடுத்த வாரம் என்றார். பையன்கள் அதற்குள் ஸ்டம்ப் நட்டுவிட்டார்கள்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

வேலி முழுவதும் எடுத்தாகிவிட்டது. உரிய அலுவலகத்திலிருந்து பலகை வைக்க வருகிறார்கள். பட்டா மாற்றம் தனிக் கதை, அதற்கு அலைய வேண்டியது நிறைய இருக்கிறது.

சாயங்காலம் மனையை வாங்கியவர் மறுபடியும் வந்தார், இந்த முறை மனைவியோடு. விற்றவர் மேல் நில மோசடிப் புகார் கொடுக்க வேண்டும், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றார். பொருளாளர் சார் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்தோம். சார் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், நடுநடுவே வாங்கியவரின் மனைவி தேதிகளைத் திருத்தினார். நீல நகலைத்தான் முதல் ஆவணமாக வைக்க வேண்டும் என்றார் சார். அதன் மடிப்பு இன்னும் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. நாளைக் காலை மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடை திறந்ததும் பெரிய தாளில் மூன்று நகல் எடுக்க வேண்டும். இரண்டு அவருக்கு, ஒன்று பெட்டிக்கு.