ஸ்ப்ளிட்: ஊரே குடியிருக்கும் அரண்மனை

பொஸ்னியாவின் மோஸ்தாரில் இருந்து பஸ் பிடித்து ஸ்ப்ளிட்டில் இறங்கியபோது மதியம். இத்தாலியின் அங்கோனாவுக்கு எங்கள் கப்பல் இரவில்தான். குரோஷியாவின் இந்தக் கடற்கரை ஊரில் பஸ் நிலையம், ரயில் நிலையம், துறைமுகம் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. மூட்டை தூக்கித் திரிகிறவர்களுக்குப் பெரிய வசதி. பைகளைப் பாதுகாக்கும் கடையில் முதுகுச்சுமையை இறக்கிவிட்டுக் கடலோரமாக நடந்தோம். கொஞ்ச தூரத்திலேயே ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனை.

305இல் தானாகவே பதவியை விட்டு விலகியவர் அவர். மறுபடி அரியணைக்கு வரச் சொல்லிக் கேட்டபோது, தன் கையால் வளர்த்த முட்டைக்கோஸைக் காட்டி மறுத்துவிட்டாராம். கிழக்கு வாசலுக்கு வெளியே இன்றும் காய்கறிச் சந்தை கூடுகிறது. "அவர் தோட்டத்துக் கோஸ் கிடைக்குமான்னு பார்க்கலாம் வா" என்று இவர் என்னை இழுத்துப் போனார். வாங்கியது அத்திப்பழம்.

அரண்மனை என்றதும் கயிறு கட்டிய காலி மண்டபங்களை எதிர்பார்த்திருந்தேன். இங்கே மதிலுக்குள் ஊரே குடியிருக்கிறது. ரோமத் தூண்களுக்கு நடுவே யாரோ சுவர் எழுப்பி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்குக் கீழே கொடியில் போர்வை காய்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பக்கத்து நகரமான சலோனா அழிந்தபோது, தப்பி வந்தவர்கள் இந்த மதிலுக்குள் புகுந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் காலி செய்யவே இல்லை. "இவ்வளவு பெரிய வீட்டுக்கு வீட்டு வரி யாருங்க கட்டுறாங்க?" என்றேன். பதில் வரவில்லை, படம் எடுப்பதில் மும்முரம்.

நடு முற்றத்தில் எகிப்திலிருந்து கொண்டுவந்த கருங்கல் ஸ்பிங்ஸ் (சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட சிலை) ஒன்று படுத்திருக்கிறது. அரண்மனையை விடவே அதற்கு வயது பல நூற்றாண்டு அதிகம். அதன் பக்கத்திலுள்ள எண்கோணக் கட்டடத்தை டயோக்ளீஷியன் தனக்குக் கல்லறையாகக் கட்டிக்கொண்டார். கிறிஸ்தவர்களை வேட்டையாடிய அந்த மனிதரின் கல்லறைதான் இன்று பேராலயம், அதுவும் அவர் காலத்தில் கொல்லப்பட்ட புனித டோம்னியஸின் பெயரில்! டயோக்ளீஷியனின் உடலை வைத்திருந்த கல்பெட்டி எப்போதோ காணாமல் போய்விட்டது. சரித்திரம் பழி வாங்கினாலும் கொஞ்சம் நகைச்சுவையோடுதான் வாங்குகிறது.

பேராலயத்தின் வாசல் கதவைப் பார்க்காமல் உள்ளே போய்விடாதீர்கள். 1214இல் ஆந்திரியா புவினா மரத்தில் செதுக்கிய கிறிஸ்துவின் வாழ்க்கைக் காட்சிகள், மொத்தம் 28. மணிக்கூண்டுக்கு இவர் மட்டும் ஏறினார். நான் முற்றத்துப் படிக்கட்டில் மெத்தையில் உட்கார்ந்து ஒரு காபியைச் சொல்லி மெதுவாகக் குடித்தேன்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது நிலவறை. மேலே இருந்த அரசரின் அறைகள் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் அவற்றைத் தாங்க, அதே அமைப்பில் கீழே அறைகள் கட்டியிருந்ததால், மேலே எது எங்கே இருந்தது என்பதை இவற்றை வைத்தே சொல்ல முடிகிறது. இந்தக் கீழறைகள் தப்பியதற்குக் காரணம் குப்பை! மேலே குடியிருந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கழிவுகளைக் கொட்டி அடைத்து வைத்திருந்தார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு அது புதையல்.

அப்புறம் வடக்கு வாசலுக்கு வெளியே குரோஷியச் சிற்பி மெஷ்ட்ரோவிச் செய்த கிர்கூர் ஆயரின் பிரம்மாண்டச் சிலை, அதிர்ஷ்டத்துக்காக எல்லோரும் தேய்த்துப் பளபளத்த கால் கட்டைவிரல். நாங்களும் தேய்த்தோம்.

இதே வழியில் வர நினைப்பவர்களுக்கு ஒன்று: ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதியில் குரோஷியா 2023இல் சேர்ந்துவிட்டது, கப்பலில் இத்தாலி போக வேறு விசா வேண்டாம். ஆனால் நடுவில் பொஸ்னியா போய்த் திரும்புவதானால் பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். எல்லையில் எங்கள் பாஸ்போர்ட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்கள்.