ஃபாலோயர்ஸுக்கு மட்டும் எழுதின போஸ்ட்டை ஏஐ மாடலுக்குக் கொடுக்கலாமா?

மாஸ்டடான்ங்கிறது ஒரே கம்பெனி நடத்தாம, பலபேர் தனித்தனியா சர்வர் வச்சு நடத்துற சோஷியல் மீடியா. அதை ஒரு எல்எல்எம்மோட (ஏஐ மொழி மாடல்) இணைக்க எம்சிபி சர்வர், அதாவது மாடல் வெளியில இருக்குற ஆப்ல இருந்து தகவல் எடுக்க உதவுற ப்ரோக்ராம், எழுதிட்டிருந்தோம். "காலைலேர்ந்து என்ன ஓடுது"ன்னு யூசர் கேட்டா, மாடல் அவரோட ஹோம் டைம்லைனைப் படிச்சு சுருக்கமா சொல்லணும். அக்கவுண்ட்டுக்குள்ள போற சாவி மாதிரியான டோக்கன் யூசரோடது, அதனால அவரு பாக்குற எல்லாமே ஏபிஐல வந்துடும்.

டெஸ்ட் பண்றப்ப ஒரு வரில நின்னுட்டேன். ஒருத்தங்க அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட் பத்தி, பயத்துல பாதிப் பாதி வாக்கியமா, ஃபாலோயர்ஸுக்கு மட்டும் எழுதியிருந்தாங்க. "ஒருவர் தாயாரின் உடல்நிலை குறித்துக் கவலை தெரிவித்துள்ளார்"னு மாடல் அதை ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் நியூஸுக்குக் கீழ போட்டுடுச்சு. சுருக்கம் சரிதான், ஒரு தப்பும் இல்ல.

இதெல்லாம் மாடலுக்குப் போகக்கூடாதுன்னேன். "யூசர் படிக்கலாம்ல? கண்ணுக்குப் பதிலா மாடலை வச்சுப் படிக்கிறாரு, அவ்வளவுதான்ப்பா"ன்னாரு சீனியர். எழுதினவங்க அவரை நம்பித்தான் எழுதினாங்க, எங்கயோ இருக்குற கம்பெனி சர்வரை நம்பி இல்லன்னு சொன்னேன். "ஃபாலோயர் இருக்குற ஒவ்வொரு சர்வர்லயும் ஏற்கெனவே ஒரு காப்பி இருக்கு, என்கிரிப்ஷனும் கிடையாது, அந்த அட்மின் நெனச்சா படிக்கலாம். அதுக்கு நீ என்ன பண்ணப்போற?"ன்னு கேட்டாரு.

அப்ப பதில் வரல. பிறகு யோசிச்சேன், போஸ்ட்டை அழிச்சா, சர்வருங்க ஒன்னோட ஒன்னு பேசிக்கிற ஆக்டிவிட்டிபப் வழியா டிலீட் போகும், ஒழுங்கா ஓடுற சர்வர் தன் காப்பியை எடுத்துடும், ஆனா மாடலுக்குப் போனதைத் துரத்திட்டு எந்த டிலீட்டும் போகாது. 2024 நவம்பர்ல ப்ளூஸ்கைங்கிற இன்னொரு சோஷியல் மீடியாவோட போஸ்ட் 10 லட்சத்தை ஒரு டேட்டாசெட்டா, ஏஐ மாடலும் டேட்டாவும் பகிர்ற ஹக்கிங்ஃபேஸ் தளத்துல போட்டப்ப, அதெல்லாம் பப்ளிக் போஸ்ட்டுதான், இருந்தும் ஜனங்க கொதிச்சதுல அதை எடுக்க வேண்டியதாச்சு. அது ட்ரெயினிங்குக்கு, நாங்க பண்றது வெறும் வாசிப்புதானேன்னும் தோணும், அதையும் ஒதுக்க முடியல.

கடைசில யாரெல்லாம் பாக்கலாம்ங்கிற விசிபிலிட்டி செட்டிங்கைப் பாத்து ஃபாலோயர்ஸ்-ஒன்லி, டைரக்ட் (குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும்) ரெண்டையும் ஃபில்டர் பண்ணிட்டேன். கொஞ்ச நாள்ல ஒரு யூசர் எழுதினாரு, ஃப்ரெண்டோட அப்பா இறந்ததே லேட்டாத்தான் தெரிஞ்சுது, சுருக்கத்துல வரலையேன்னு. இப்ப "உங்க வட்டத்துக்குள்ள எழுதினது சிலது இருக்கு, நேர்ல போய்ப் படிங்க"ன்னு லிங்க்கோட ஒரு வரி வருது. அவருக்கு அது முன்னாடியே இருந்திருக்கணும்.

இப்ப யூசரோட மெஷின்லயே ஓடுற லோக்கல் மாடலுக்கும் சப்போர்ட் குடுக்குறோம், எதுவும் வெளிய போகாது, இதுக்காவது ஃபில்டரை எடுக்கலாமேன்னு சீனியர் கேக்குறாரு. நான் சொன்ன காரணப்படி பாத்தா எடுத்துடணும். அந்த ஸ்கேன் ரிப்போர்ட் போஸ்ட்டை நெனச்சா மனசு வரல, ஆனா அவருக்குச் சொல்ல எங்கிட்ட வேற காரணமும் இல்ல.