குழாய்க்குள் இருக்கிற சங்கதி

பட்டாளத்தில் 17 வருஷம் இருந்துவிட்டு அணைக்கட்டு என்கிற எங்கள் ஊர்ப் பக்கம் வந்து உட்கார்ந்தவன் நான். இப்போது வேலூரில் ஒரு வங்கியில் கன்மேன். சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் இந்த வேலை கிடைக்கும் என்பதால் அப்பா காலமான பிறகு அவருடைய 12 போர் டபுள் பேரல் (இரட்டைக் குழல்) துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றி வாங்கினேன். அதோடு ஓட்டியிருக்கலாம், ஆனால் அதன் பேரலுக்குள் துரு அரித்த புள்ளிகள். 2019 மார்ச்சில் தேர்தல் வந்ததும் லைசென்ஸ் உள்ள எல்லோரையும்போல அப்பாவும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். நம்ம வேலூர் தொகுதிக்குத்தான் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5-க்குத் தள்ளிப் போனதே. அதுவரை துப்பாக்கியும் அங்கேயே கிடந்தது, அவர் போய்க் கேட்காமல் விட்டது பாதி, அவர்கள் தராமல் விட்டது பாதி. சாக்கில் சுற்றி சிமெண்ட் தரையில் சாத்தியிருந்தார்களாம். திரும்பி வந்தபோது சாக்கின் நெசவு பேரல் மேலேயே அச்சாகியிருந்தது.

அதனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி வாங்கலாம் என்று இறங்கினேன். சட்டப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கி வரைதான் வைத்துக்கொள்ள முடியும், 2019-இல் மூன்றை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள், எனக்கு இது இரண்டாவது. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்கு எத்தனை நடை, என்ன விசாரணை என்பதெல்லாம் போனவர்களுக்குத் தெரியும், விடுங்கள். நான் சொல்ல வந்தது கையில் காசோடு துப்பாக்கி முன்னால் நின்றபோது பட்ட கஷ்டம்.

டபுள் பேரலில் மெகசின், அதாவது தோட்டாவை அடுக்கி வைக்கிற இடம், என்ற பேச்சே கிடையாது. நடுவில் மடித்துத் திறந்து இரண்டு தோட்டா போட்டு மூடினால் முடிந்தது. பம்ப் ஆக்‌ஷனில் பேரலுக்குக் கீழே ஒரு குழாய், அதற்குள் நீளமான ஸ்பிரிங், ஸ்பிரிங் முனையில் தொப்பி மாதிரி ஒரு துண்டு, ஃபாலோயர் என்பார்கள். நாலு தோட்டா ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் படுத்திருக்கும், குழாய் மேல் இருக்கும் பிடியைப் பின்னால் இழுக்கும்போது ஸ்பிரிங் ஒன்றைத் தள்ளிவிட, பிடியை முன்னால் தள்ளும்போது அது மேலே ஏறி சேம்பருக்கு, அதாவது தோட்டா வெடிக்கிற அறைக்குப் போகும். செமி ஆட்டோமேட்டிக்கிலும் பெரும்பாலும் இதே குழாய்தான், இழுக்கிற வேலையைச் சுடும் விசையே பார்த்துக்கொள்ளும் என்பது மட்டும் வித்தியாசம். ஆக, துப்பாக்கியின் உயிர் அந்தக் குழாயில் இருக்கிறது. கடைக்காரர் காட்டுவது என்னவோ கட்டையின் பாலிஷைத்தான்.

முதலில் போன கடையில் பழைய துப்பாக்கி ஒன்று பளபளவென்று இருந்தது. காலியாகத்தான் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, குழாய் மூடியைக் கழற்றிக் காட்டுங்கள் என்றேன். அவருக்கு முகம் சுண்டிப்போனது. "இன்னா நைனா, பட்டாளத்துக்காரன்றே, துப்பாக்கியையே நம்ப மாட்டியா?" என்றார். கழற்றினால் ஸ்பிரிங் குழாய் வாயிலிருந்து நாலு விரற்கடைதான் எட்டிப் பார்த்தது. நல்ல ஸ்பிரிங் என்றால் மூடியைக் கழற்றும்போதே கைக்கு அடங்காமல் பாயும், குழாயைவிட ஒரு சாணுக்கு மேலேயே நீண்டு தொங்கும். இதில் அது செத்துப்போய்க் கிடந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அப்புறம் கம்மவான்பேட்டையில் ஒரு ரிட்டையர்டு சுபேதார் விற்கிறார் என்று தகவல். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்று பெயரெடுத்த ஊர், நம்பிப் போனேன். லைசென்ஸ்காரர் இன்னொருவருக்கு நேரடியாக விற்பதென்றால் எழுத்து மூலம் தகவல் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 45 நாளில் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்க் காபி குடித்ததுதான் மிச்சம். ஸ்பிரிங் நன்றாகப் பாய்ந்தது, மூடியின் மரை சுத்தம், அதோடு திருப்தியாகிவிட்டேன். இங்கேதான் கோட்டை விட்டேன்.

துப்பாக்கி கைக்கு வந்ததும் தெரிந்தவர் மூலம் ஒரு ரேஞ்சில் (சுட்டுப் பழகும் மைதானத்தில்) சுட்டுப் பார்த்தேன். முதல் தோட்டா சரி, இரண்டாவது சரி. மூன்றாவதுக்குப் பிடியை இழுத்துத் தள்ளி, குதிரையை அழுத்தினால் வெறும் 'டிக்'. வாயைப் பாதுகாப்பான பக்கமே நீட்டிப் பிடித்தபடி அரை நிமிஷம் பொறுத்து, திறந்து பார்த்தேன். சேம்பர் காலி. தோட்டா குழாயை விட்டே வெளியே வரவில்லை. மறுபடி நாலு போட்டேன், மறுபடி அதே மூன்றாவது. நடந்தது ரேஞ்சில் என்பதால் தப்பித்தேன், வங்கி வாசலில் என்றால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கூடத்தில் பாய் விரித்துப் பிரித்துப் போட்டேன். ஸ்பிரிங் எகிறிப் போய் காலண்டரில் அடித்தது, வீட்டம்மா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். குழாய்க்குள் டார்ச் அடித்தால் எதுவும் தெரியவில்லை. ஃபாலோயரை மட்டும் போட்டுக் குழாயை மெதுவாகச் சாய்த்தேன். வழுக்கிக்கொண்டே போனது ஓர் இடத்தில் நின்றது. விரல் நுனியால் குழாயின் வெளிப்பக்கம் தடவினால் அதே இடத்தில் சின்னப் பள்ளம், துவரம்பருப்பு அளவுகூட இல்லை. எப்போதோ எங்கேயோ இடித்திருக்கிறார்கள், மேலே கறுப்புப் பூச்சு இருந்ததால் கண்ணுக்குப் படவில்லை. வாங்கும்போது இந்தச் சாய்த்துப் பார்க்கிற வேலைக்கு ஒரு நிமிஷம் போதும். அதைச் செய்யாமல் ஒன்றரை மாதம் காபி குடித்திருக்கிறேன்.

துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும், பட்டறையில் கொடுத்துத் தட்டி எடுக்க முடியாது. லைசென்ஸ் உள்ள மிஸ்திரி ஒருவர் உள்ளே உருட்டுத்தண்டு செலுத்திப் பள்ளத்தை எழுப்பிக் கொடுத்தார். ஃபாலோயர் பிளாஸ்டிக், ஓரம் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றச் சொன்னேன். ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம் என்றார், அழுத்தியே வைத்திருப்பதால் நல்ல ஸ்பிரிங் கெடாது, திரும்பத் திரும்ப அழுந்தி விரிவதில்தான் தேயும் என்று விளக்கினார். ஆனால் தோட்டா அப்படி இல்லை. பிளாஸ்டிக் உறை போட்ட தோட்டாவைச் சித்திரை வெயிலில் வாரக்கணக்கில் ஸ்பிரிங் அழுத்தத்தில் விட்டால் முனை நசுங்கி உப்பும், உப்பினால் சேம்பரில் சிக்கும். காகித உறை என்றால் ஐப்பசி ஈரமே போதும். டியூட்டி முடிந்ததும் இறக்கிவிடுகிறேன், போடுகிற வரிசையையும் மாற்றிக்கொள்கிறேன்.

தோட்டா நீளத்தையும் அவரே எச்சரித்தார். 65 மில்லிமீட்டர், 70 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பது சுட்டபின் உறை விரிந்த நீளம். அதனால் சுடுவதற்கு முன் முனை மடிந்திருக்கிற 70 தோட்டா 65 சேம்பருக்குள் சமர்த்தாக நுழைந்துவிடும், சுடும்போதுதான் முனை விரிய இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். அப்பாவின் துப்பாக்கி 65, இது 70. இரண்டுக்கும் தனித்தனி டப்பா, மேலே பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் மகனிடம் இதைச் சொன்னால் சிரித்தான். அவனிடம் இருப்பது செமி ஆட்டோமேட்டிக், ரைஃபிள் மாதிரி கழற்றி மாட்டுகிற பெட்டி மெகசின். "மாமா, உங்களுக்கு ஒரு குழாய்தான், நான் வாங்கிய அஞ்சு மெகசின்ல ரெண்டுதான் உருப்படி" என்றான். 12 போர் தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். பெட்டிக்குள் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் போனால் பூட்டிக்கொள்ளும். மேலே தோட்டாவைப் பிடித்திருக்கும் உதடு கொஞ்சம் விரிந்தாலும் இரண்டு சேர்ந்து எழும்பும். விலை குறைந்த முழு பிளாஸ்டிக்கில் அவனுக்கு அதுதான் ஆனது. இப்போது இரும்புப் பெட்டி, இல்லாவிட்டால் உதட்டில் இரும்புத் தகடு வைத்தது மட்டும் வாங்குகிறானாம். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி, மக்கர் செய்வதைத் தனியாக எடுத்துவிடுகிறான். எங்கள் பட்டாளத்திலும் அதைத்தான் செய்வோம்.

துப்பாக்கியை வைக்க ஓர் உறை வாங்க வேண்டியிருந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோலுக்கு நடுவில் இருக்கிறோமே என்று நல்ல தோல் உறை ஒன்று தைக்கச் சொல்லப் போனேன். மிஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார், பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பை அரிக்கும், எடுத்துப் போக வர வைத்துக்கொள், உள்ளேயே வைத்துப் பூட்டாதே என்றார். இப்போது துப்பாக்கி பீரோவில் எண்ணெய்த் துணியில்தான் இருக்கிறது.

போன மாதம் மறுபடி ரேஞ்சுக்குப் போனேன். ஐந்து சுற்று, சுற்றுக்கு நாலு, மொத்தம் இருபது தோட்டா. ஒவ்வொரு மூன்றாவதுக்கும் கை தானாக இறுகியது. இருபதும் போனது.